வாரமா, மாதமா? கடல்நீர் மீன்தொட்டியில் தண்ணீர் மாற்றும் கணக்கு

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: தண்ணீரை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது? தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் தம்பி ஒருவரிடம் கடைக்காரர் வாரம் ஒருமுறை என்று சொல்லியிருக்கிறார். அவருடைய மாமாவோ பல வருஷமாக மாதம் ஒருமுறைதான் மாற்றுகிறார், மீன்களும் நன்றாகவே இருக்கின்றன. ஜொகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து எழுதிய அக்கா ஒருவர், தண்ணீரை மாற்றவே தேவையில்லை என்று ஒரு வீடியோவில் பார்த்தாராம், அது உண்மையா என்று கேட்டிருந்தார்.

மூன்றுமே ஏதோ ஒரு தொட்டிக்குச் சரிதான். உங்கள் தொட்டி எந்த ரகம், உங்கள் வீடு எந்த ரகம் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே வரும் கணக்கெல்லாம் 200 லிட்டர் தொட்டியை வைத்துப் போட்டது. உங்களுடையது 400 லிட்டர் என்றால் லிட்டர், கிலோ கணக்கை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

மீன் தின்னும் தீனியிலுள்ள நைட்ரஜன் அமோனியாவாக வெளியே வருகிறது. பாறையிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பெரும்பாலான தொட்டிகளில் அது நைட்ரேட்டோடு நின்று, வாரத்துக்கு வாரம் சேர்ந்துகொண்டே போகும். பாஸ்பேட்டும் அப்படித்தான். பவளம் இருந்தால் எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கும்: கால்சியம், காரத்தன்மை, நுண் தாதுக்கள் எல்லாம் குறைந்துகொண்டே வரும். பழைய தண்ணீரை எடுத்துப் புதியதை ஊற்றும்போது சேர்ந்தது கொஞ்சம் வெளியேறுகிறது, குறைந்தது கொஞ்சம் திரும்பி வருகிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, நைட்ரேட் எந்த அளவில் வந்து நிற்கும் என்பது. அடுத்தது, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தண்ணீரின் தன்மை (காரம், உப்பு போன்ற அளவுகள்) எவ்வளவு அசைகிறது என்பது. பவளத்துக்கு அளவைவிட அசைவுதான் பெரும்பாலும் ஆபத்து. அப்புறம் செலவு, முதுகுவலி, கலவையில் பிழை நேர்ந்தால் அடி எவ்வளவு பெரிதாக விழும் என்பது. கடைசியாக, நான் முதலிடத்துக்கே கொண்டுபோக நினைக்கும் ஒன்று: அந்த ஒழுங்கை உங்கள் வீடு வருஷம் முழுக்கத் தாங்குமா?

நைட்ரேட் விஷயத்தில் பலர் நம்புவதற்கும் கணக்குக்கும் ஒத்துவருவதில்லை. அடிக்கடி மாற்றினால் நைட்ரேட் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறோம். உங்கள் தொட்டியில் வாரத்துக்கு 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் நான்கு பங்கு) நைட்ரேட் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒழுங்கில் பல மாதம் மாற்றிக்கொண்டே வந்தால், கடைசியில் அது வந்து நிற்கும் இடம் இது:

| முறை | நான்கு வாரத்தில் மாற்றும் தண்ணீர் | மாற்றுமுன் நைட்ரேட் | மாற்றியபின் நைட்ரேட் |
|---|---|---|---|
| வாரம் 10 சதவீதம் | 80 லிட்டர் | 40 | 36 |
| இரு வாரத்துக்கு 20 சதவீதம் | 80 லிட்டர் | 40 | 32 |
| நான்கு வாரத்துக்கு 40 சதவீதம் | 80 லிட்டர் | 40 | 24 |

உச்சம் மூன்றிலும் ஒன்றே. ஒரு வாரத்தில் சேரும் நைட்ரேட்டை, வாரத்துக்கு மாற்றும் பங்கால் வகுத்தால் அந்த உச்சம் வரும்: 4 ÷ 0.10 = 40. அதை 20 ஆக்க வேண்டுமென்றால் தீனியைப் பாதியாக்க வேண்டும், அல்லது மாதம் மாற்றும் மொத்தத் தண்ணீரை இரண்டு மடங்காக்க வேண்டும். அதே 80 லிட்டரை நான்காகப் பிரித்து ஊற்றுவதால் நைட்ரேட் இறங்காது. சொல்லப்போனால் மாதம் ஒருமுறை மாற்றுபவரின் சராசரிதான் இங்கே கொஞ்சம் குறைவு.

நைட்ரேட் எங்கே நிற்கும் என்பதை மொத்த அளவும் தீனியும் முடிவுசெய்கின்றன. எத்தனை முறை என்பது அசைவையும் உழைப்பையும் ஆபத்தையும் முடிவுசெய்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## வாரம் 10 சதவீதம்

20 லிட்டர், அதாவது ஒரு பெரிய பக்கெட். உப்பு ஏறக்குறைய 740 கிராம். முந்தின இரவே ஆர்.ஓ. (சவ்வு வடிகட்டியில் சுத்திகரித்த) தண்ணீரில் உப்பைப் போட்டு, தண்ணீரைச் சுழற்றும் ஒரு சின்ன பவர்ஹெட் பம்பை ஓடவிட்டால் காலையில் தயார். வேலை அரை மணி நேரத்தில் முடியும். சைஃபன் குழாயோடு மணலையும் கொஞ்சம் உறிஞ்சிவிடலாம். கண்ணாடியைத் துடைப்பது, நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழுவுவது எல்லாம் அந்த வேலையோடேயே நடந்துவிடும்.

இதன் பெரிய பலம் அசைவின்மை. உப்புப் பொடிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. இயற்கைக் கடல்நீரின் காரத்தன்மை 7 முதல் 8 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) வரை இருக்கும். பவளத்துக்கென்று விற்கும் சில உப்புகளில் கலந்தால் 11, 12 வரை போகும். தொட்டி 8-லும் புதுத் தண்ணீர் 12-லும் இருந்தால், 10 சதவீதம் மாற்றும்போது தொட்டி 8.4 ஆகும். அதை எந்தப் பவளமும் பொருட்படுத்தாது. அதே உப்பில் 40 சதவீதம் மாற்றினால் ஒரே நாளில் 9.6. கிளை கிளையாக வளரும் கல்பவளங்களின் நுனி வெளுத்துப்போவதற்கு அது போதும்.

பிழை நேர்ந்தாலும் அடி சிறிது. உப்பு அளவு (ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு என்பது) 35-க்குப் பதில் 30 ஆகிவிட்டால், 10 சதவீத மாற்றத்தில் தொட்டி 34.5-க்குத்தான் இறங்கும்.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். வருஷத்தில் 52 வாரம். தைப்பூசக் காவடி, ஈஸ்டர் வாரத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில், புரட்டாசி முழுக்க விரதச் சமையல், டிசம்பரில் ஊர்ப் பயணம் என்று நம் வீடுகளில் வாரக்கடைசி வேறு எதற்காவது போய்க்கொண்டேதான் இருக்கும். வாரம் ஒருமுறை என்று தொடங்கியவர்களில் பலர் ஐந்தாறு மாதத்தில் "இந்த வாரம் விட்டுவிடலாம்" என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். அப்படி விட்டுவிட்டுச் செய்யும் வாராந்தர மாற்றம், ஒழுங்காகச் செய்யும் இருவார மாற்றத்துக்கு ஈடாகாது, ஏனென்றால் மொத்த அளவே குறைந்துபோகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாரம் 10 சதவீதம் மாற்றினால் கல்பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் காரமும் கிடைத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். மேலே சொன்ன கணக்கின்படி ஒரு வார மாற்றம் திருப்பித் தருவது 0.4 டிகேஎச். நன்றாக வளரும் கல்பவளத் தொட்டி ஒரே நாளில் 0.5 முதல் 1 டிகேஎச் வரை குடித்துவிடும். அதைத் தனியாக ஊற்றித்தான் ஆக வேண்டும்.

யாருக்கு: 100 லிட்டருக்குக் கீழ் உள்ள சின்னத் தொட்டி, கல்பவளத் தொட்டி, புதிதாகத் தொடங்கி முதல் ஆறு மாதத்தில் இருப்பவர்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: வாரம் ஒருமுறை கை நனைந்தால்தான் தொட்டியைப் படிக்கப் பழகுவீர்கள்.

## இரு வாரத்துக்கு 20 சதவீதம்

என் வீட்டுத் தொட்டியில் நான் செய்வது இதுதான். டர்பனில் 200 லிட்டர் தொட்டி, இரண்டு கோமாளி மீன், ஒரு மஞ்சள் டாங், மென்பவளங்கள், கொஞ்சம் தடித்த தண்டுக் கல்பவளம். இதே ரகத் தொட்டி வைத்திருக்கும் பெரும்பாலானோருக்கு நான் சொல்வதும் இதுவே.

40 லிட்டர் என்பது ஒரு ஆள் தூக்கக்கூடிய இரண்டு கேன். ஒரு மூடியுள்ள டிரம்மில் கலந்து வைத்துவிட்டுச் சின்ன பம்பும் ஹோஸும் போட்டால் தூக்கவே வேண்டாம். ஒரு வாரம் தவறினாலும் அடுத்த வாரம் செய்துவிடலாம், மூன்று வாரத்தில் நைட்ரேட் கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். காரத்தன்மை மேலே சொன்ன அதே 12 டிகேஎச் உப்பில் 8-லிருந்து 8.8-க்குப் போகும். மென்பவளம் தாங்கும். தொட்டியின் அளவுக்கு அருகிலேயே கலக்கும் உப்பாகப் பார்த்து வாங்கினால் அந்த அசைவும் இருக்காது.

டர்பனில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது உப்பு மூட்டை. நம் ஊர் ஈரக்காற்றில் மூட்டையைத் திறந்து வைத்தால் உப்பு தண்ணீரை உறிஞ்சிக் கட்டி கட்டியாகிவிடும். கையில் எடுத்தால் ஈர மணல் மாதிரி ஒட்டும். அப்படி ஈரம் ஏறிய உப்பை எடைபோட்டுக் கலந்தால் அளவு தவறும், ஏனென்றால் எடையில் ஒரு பங்கு தண்ணீர். கல்போல இறுகிப்போனதாக இருந்தால் அதில் கால்சியமும் கார்பனேட்டும் முன்பே ஒன்றுசேர்ந்து வீணாகியிருக்கவும் கூடும். டிரம்மில் முழுசாகக் கரையாமல் அடியில் வெள்ளையாகப் படியும். விரலால் தொட்டுப் பார்த்தால் மாவு போல வரும். நான் மூட்டை வாங்கிய அன்றே இறுக மூடும் டப்பாக்களில் பிரித்து வைத்துவிடுவேன். கிராம் கணக்கை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, முடிவை உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் சொல்லும் 35-ல் நிறுத்துங்கள். அந்தக் கருவியையும் 35 அளவுள்ள திருத்தக் கரைசலை வைத்துச் சரிபாருங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறது என்பதற்காக 35-லும் சரியாகக் காட்டும் என்று சொல்ல முடியாது.

இருவார முறையின் குறை என்று எனக்குத் தெரிவது, நடுவில் தொட்டியைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்துவிடும் பழக்கம். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர் ஊற்றுவது தினசரி வேலை, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அந்த இடத்தை நிரப்ப உப்புத் தண்ணீர் ஊற்றினால் அளவு ஏறிக்கொண்டே போகும். ஆவியானதற்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர், எடுத்ததற்கு மட்டும் உப்புத் தண்ணீர்.

யாருக்கு: மீனும் மென்பவளமும் கலந்த 150 முதல் 400 லிட்டர் தொட்டிகள், இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள்.

## மாதம் 40 சதவீதம்

இந்த முறையை இளக்காரமாகப் பேசுபவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. மீன் மட்டும் உள்ள தொட்டியில், எல்லாம் முன்கூட்டியே தயாராக இருந்தால், இது நல்ல முறை. 40 பிபிஎம் நைட்ரேட்டைப் பெரும்பாலான கடல் மீன்கள் பொறுத்துக்கொள்ளும். ஒரே நாளில் 16 பிபிஎம் இறங்குவதும் அவற்றுக்குத் தொல்லை இல்லை. சாட்ஸ்வர்த் மாமாவின் தொட்டி நன்றாக இருப்பதில் ஆச்சரியம் எதுவுமில்லை.

ஆனால் செலவு ஒளிந்திருப்பது இந்த முறையில்தான் அதிகம்.

வருஷத்துக்கு உப்பு எல்லா முறையிலும் ஒன்றுதான்: 1,040 லிட்டருக்குச் சுமார் 38 கிலோ. மாதாந்தரக்காரர் அதில் ஒரு கிராம்கூட மிச்சப்படுத்துவதில்லை. உப்பு குறைவாகச் செலவாகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் 40 சதவீதம் மாற்றவில்லை என்று அர்த்தம். மாதம் ஒருமுறை 15 சதவீதம் மட்டும் மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். அதே தீனிக்கு அவர்கள் தொட்டியில் நைட்ரேட் 100-ஐத் தாண்டி நிற்கும்.

80 லிட்டர் கடல்நீர் 82 கிலோ. அதை ஒரே நாளில் கலக்கப் பெரிய டிரம், தனி ஹீட்டர், வலுவான பவர்ஹெட் மூன்றும் வேண்டும். ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் தர மூன்று, நான்கு லிட்டரைக் கழிவாக விடும். ஆகவே 80 லிட்டருக்குக் குழாயிலிருந்து 320 முதல் 400 லிட்டர் வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்தப் பக்கத்து மக்கள் பல மாதம் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தார்கள். அவ்வளவு மோசமாக இல்லாவிட்டாலும், குழாய் வறளும் நாள் எது என்று ஈத்தெக்வினி என்ற டர்பன் மாநகராட்சியில் வசிக்கும் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த நாள் உங்கள் மாதாந்தர நாளாக அமைந்தால் மாற்றம் ஐந்தாம் வாரத்துக்குப் போகும், ஆறாம் வாரத்துக்கும் போகும். ஆர்.ஓ. கழிவில் கடல் உப்பு சேர்ந்திருக்காது, குழாய்த் தண்ணீரைவிடக் கொஞ்சம் கடினமானது, அவ்வளவுதான். துணி துவைக்கவும் கறிவேப்பிலை மரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சாக்கடையில் விடாதீர்கள்.

சூடேற்றுவதையும் கணக்கில் சேருங்கள். டர்பனில் குளிர்காலத்திலும் குழாய்த் தண்ணீர் அவ்வளவாகச் சில்லென்று இருக்காது. லெனேசியாவில் ஜூன், ஜூலையில் 10 டிகிரித் தண்ணீரை 25-க்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். 80 லிட்டருக்கு அது ஏறக்குறைய 1.4 யூனிட் மின்சாரம். 200 வாட் ஹீட்டருக்கு ஏழு மணி நேர வேலை, டிரம் திறந்திருந்தால் அதற்கும் மேல். நடுவில் நெடுநேரம் மின்சாரம் போனால் தண்ணீர் ஆறிப்போகும், மறுபடி சூடேற்ற வேண்டும். 2023-ல் பட்ட லோட் ஷெட்டிங் பாடு இப்போது இல்லை என்றாலும், துணைமின்நிலையப் பழுதும் கேபிள் திருட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. பழைய தண்ணீரைப் பாதி எடுத்த நிலையில் மின்சாரம் போவதுதான் மோசம். புதுத் தண்ணீர் சூடாகித் தயாரான பிறகே சைஃபனைப் போடுங்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று கீசர் வெந்நீரைக் கலப்பவர்கள் உண்டு. வேண்டாம். செம்புக் குழாயிலும் கீசரிலும் நின்ற வெந்நீரில் செம்பு கரைந்திருக்கலாம், இறாலும் பவளமும் அதைத் தாங்காது.

தொட்டிக்குள்ளும் இடைஞ்சல் உண்டு. 50 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் 40 சதவீதம் என்றால் நீர்மட்டம் 20 சென்டிமீட்டர் இறங்கும். மேல் வரிசைப் பவளம் காற்றில் நிற்கும், ஹீட்டரும் வெளியே தெரியும். சூடான கண்ணாடி ஹீட்டர் காற்றில் காய்ந்து, மறுபடி தண்ணீர் பட்டால் விரிசல் விடும். வேலை தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மணலை ஒரே நாளில் முழுசாக உறிஞ்சாதீர்கள். அடியில் நாள்பட்டுக் கறுத்திருக்கும் மணலைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வெளியே வரும், அது மீனைக் கொல்லும். ஒவ்வொரு முறையும் கால் பங்கு மணல் போதும்.

பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? உப்பு 35-க்குப் பதில் 30 என்றால், 40 சதவீத மாற்றத்தில் தொட்டி ஒரே மணி நேரத்தில் 33-க்கு இறங்கும். மீன் சமாளிக்கும், நத்தையும் இறாலும் சமாளிக்காமல் போகலாம்.

யாருக்கு: மீன் மட்டும் உள்ள பெரிய தொட்டி, டிரம் வைக்க இடமுள்ள கராஜ், தூக்கி உதவ இன்னொரு ஆள். பவளம் வைத்திருந்தால் இந்த முறை பக்கம் போக வேண்டாம்.

## தினமும் கொஞ்சம், பம்ப் வைத்து

அளந்து ஊற்றும் டோசிங் பம்பில் இரண்டு தலை உண்டு: ஒரு தலை பழைய தண்ணீரை எடுக்கும், மற்றது புதியதை ஊற்றும். நாளுக்கு 3 லிட்டர் என்று வைத்தால் அதே 10 சதவீத வாரக் கணக்கு. நைட்ரேட் கிட்டத்தட்ட 40-லேயே நேர்க்கோடாக நிற்கும், அசைவு என்பதே இல்லை. கல்பவளத் தொட்டிக்கு இதைவிட அமைதியான முறை கிடையாது.

ஆனால் பம்ப் உயிருள்ள பொருளைப் பார்த்துக்கொள்ளாது. ரப்பர் குழாய் தேயத் தேய அது ஊற்றும் அளவு மாறும். எடுப்பது 3 லிட்டரும் ஊற்றுவது 2.7 லிட்டருமாக ஆகிவிட்டால், குறையும் இடத்தைத் தானியங்கி நிரப்பி நல்ல தண்ணீரால் நிரப்பும். யாரும் கவனிக்காமலே உப்பு 35-லிருந்து 31.5 நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீர் டிரம் காலியான பிறகும் எடுக்கும் தலை ஓடினால் இன்னும் வேகமாக இறங்கும். மாதம் ஒருமுறை இரண்டு தலையையும் அளவுக் குவளையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், வாரம் ஒருமுறை உப்பளவு பார்க்க வேண்டும். மணல் அழுக்கையும் பாறை இடுக்கில் தேங்கும் கசடையும் பம்ப் எடுக்காது, அதற்கு நீங்கள்தான் கையை விட வேண்டும்.

யாருக்கு: கல்பவளம் வைத்து, சோதனையில் ஆர்வமும் உள்ளவர்கள். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்காக என்று இதை விற்கிறார்கள். கண்காணிக்க ஆள் இல்லாத வீட்டில் நான் இதை வைக்க மாட்டேன்.

## மாற்றவே வேண்டாம் என்பவர்கள்

லெனேசியா அக்காவுக்குப் பதில்: உண்மைதான், முடியும். வலுவான ஸ்கிம்மர், கீட்டோமார்ஃபா பாசி வளர்க்கும் தனி அறை, பாஸ்பேட் உறிஞ்சி, கார்பன், கால்சியத்துக்கும் காரத்துக்கும் தினசரி டோசிங், ஆய்வகத்துக்கு அனுப்பும் தாதுச் சோதனை எல்லாம் சேர்ந்தால் தண்ணீரை மாற்றாமலேயே அழகான பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தண்ணீர் மாற்றும் உழைப்பைச் சோதனைக்கும் டோசிங்குக்கும் மாற்றியிருக்கிறார்கள், உழைப்பு குறைந்துவிடவில்லை. உப்பில் மிச்சமாகும் காசு சோதனைக் கிட்டுக்கும் ஆய்வகக் கட்டணத்துக்கும் போகும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டால் பவளம் பட்டினி கிடக்கும். பழுப்புச் சளி போல டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர் படர்வதும் அப்படிப்பட்ட தொட்டிகளில்தான் அதிகம்.

உங்களுக்கு இது முதல் தொட்டி, அக்கா. இப்போது வேண்டாம்.

இந்த முறைக்காரர்களும் ஒரு டிரம் உப்புத் தண்ணீரைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பாறைக்குப் பின்னால் மீன் செத்து அமோனியா ஏறினால், கொசு ஸ்ப்ரே தவறித் தொட்டிக்குள் போனால், மருந்து அளவு கூடிவிட்டால், அடுத்த மணி நேரத்தில் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கும். அப்போது உப்புக் கரையக் காத்திருக்க முடியாது.

## கடலில் இருந்தே எடுத்தால் என்ன?

டர்பன்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். அகுல்ஹாஸ் நீரோட்டம் நம் கரையோரம் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவருகிறது. அதன் உப்பு ஏறக்குறைய 35, தாதுக்களும் பவளம் எதிர்பார்க்கும் அளவிலேயே இருக்கும். உப்புக் காசு மிச்சம். தண்ணீர் இலவசமாகக் கிடைப்பதால் மொத்த அளவை இரண்டு மடங்காக்கலாம், நைட்ரேட்டைப் பாதியாக்கலாம். இது பெரிய லாபம்.

என் தயக்கம் கரையின் நிலை. 2021 ஜூலையில் கோர்னுபியாவில் ரசாயனக் கிடங்கு எரிந்து, அந்த நஞ்சு ஆற்று வழியாக உம்ஷ்லாங்கா பக்கத்துக் கடலுக்கு வந்தது. 2022 வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி, ஈ.கோலி அளவு ஏறிக் கடற்கரைகளை மூடினார்கள், சிலவற்றைத் திறந்து மறுபடியும் மூடினார்கள். பலத்த மழை பெய்தால் உம்கெனி ஆறு செம்மண்ணும் சாக்கடையுமாகக் கடலில் கலப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோமாளி மீன் ஈ.கோலியால் சாகாது, ஆனால் அந்தத் தண்ணீரில் கையை விடப்போவது நீங்களும் உங்கள் பிள்ளைகளும். பூச்சிமருந்தும் உலோகமும் கலந்திருந்தால் பவளத்துக்கும் கேடுதான்.

எடுப்பதானால், மழை நின்று குறைந்தது ஒரு வாரம் கழித்து, துறைமுகத்துக்கும் ஆற்றுமுகத்துக்கும் தள்ளி, கடல் ஏறும் நேரத்தில் எடுங்கள். வீட்டில் நுண்வடிகட்டியில் வடித்து, மூடிய டிரம்மில் இருட்டில் வைத்து, உப்பளவும் அமோனியாவும் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். பக்கி (பிக்கப்) வண்டியும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இது மாதாந்தர முறையோடு பொருந்திவரும். முதல் வருஷத்தில் இருப்பவர்களுக்கு நான் உப்புப் பொடியையே சொல்வேன்.

ஜொகன்னஸ்பர்க் பக்கம் கடல் என்ற பேச்சே இல்லை, ஆனால் குழாய்த் தண்ணீரில் ஒரு சங்கதி உண்டு. அங்கே தண்ணீர் வழங்கும் ராண்ட் வாட்டர் நிறுவனம் குளோரினோடு குளோரமைனும் பயன்படுத்துகிறது. குளோரின் திறந்து வைத்தால் பறந்துபோகும், குளோரமைன் போகாது. ஆர்.ஓ. கருவியில் நல்ல கார்பன் வடிகட்டியும், கடைசியில் மிச்ச அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசினும் இருந்தால்தான் அதிலிருந்து பிரியும் அமோனியாவும் நிற்கும். அப்புறம், 1,700 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைவு. மின்சாரம் போனால் டர்பன் தொட்டியைவிட லெனேசியா தொட்டி சீக்கிரம் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும்.

ஜோஜோ டேங்க் என்ற பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீரை நேராகக் கலக்கலாமா என்றும் கேட்கிறார்கள். துத்தநாகத் தகட்டுக் கூரையிலிருந்து வருவதைக் கலக்காதீர்கள். ஆர்.ஓ. வழியாக விட்டால் பரவாயில்லை.

## நைட்ரேட் ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால்

பல மாதம் மாற்றாமல் விட்டு, இப்போது சோதித்தால் 80, 100 என்று காட்டுகிறது, என்ன செய்ய? வாரம் 10 சதவீதம் தொடங்கினால் இறங்கும், ஆனால் நின்று முடியும் இடத்துக்குப் பாதி தூரம் போகவே ஏழு வாரம் ஆகும். பொறுமை இழந்து ஒரே நாளில் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றாதீர்கள். நாள்பட்ட தொட்டியில் காரத்தன்மையும் பி.எச்.சும் தாழ்ந்திருக்கும், அவ்வளவு புதுத் தண்ணீரில் அவை ஒரேயடியாக எகிறும். மீன் பழகியிருப்பது பழைய அளவுக்கு.

முதலில் உப்பளவு, காரத்தன்மை இரண்டையும் சோதித்து எழுதி வையுங்கள். பிறகு நான்கு நாளைக்கு ஒருமுறை 20 சதவீதம் என்று ஐந்து முறை. நடுவில் சேர்வதை விட்டுவிட்டால், 80-ல் இருந்த நைட்ரேட் ஐந்தாவது முறையில் 26 அளவுக்கு வந்திருக்கும். அந்த மூன்று வாரமும் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். உறைந்த இறாலைக் கொடுப்பவராக இருந்தால், உருகிய தண்ணீரை வடித்துவிட்டுக் கொடுங்கள், அதில் பாஸ்பேட் நிறைய. ஸ்கிம்மர் கோப்பையை இரண்டு நாளைக்கு ஒருமுறை கழுவுங்கள்.

அதன் பிறகு இரு வாரம் எதையும் மாற்றாமல் விட்டு, முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நைட்ரேட் பாருங்கள். வித்தியாசத்தில் பாதிதான் உங்கள் தொட்டி வாரத்துக்குச் சேர்க்கும் அளவு. அதை நீங்கள் வேண்டும் உச்சத்தால் வகுத்தால், வாரத்துக்கு எத்தனை பங்கு மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும். வாரத்துக்கு 3 சேர்கிறது, 20-க்கு மேல் போகக்கூடாது என்றால் 3 ÷ 20, அதாவது 15 சதவீதம், 200 லிட்டரில் 30 லிட்டர். அதை வாரா வாரம் 30 ஆக ஊற்றுவதா, இரு வாரத்துக்கு 60 ஆக ஊற்றுவதா என்பதை உங்கள் டிரம்மின் அளவையும் வீட்டு நாட்காட்டியையும் பார்த்து முடிவுசெய்யுங்கள்.